வேலூர்க்காரனும் வேகஸ் வெயிலும்

2024 ஆகஸ்டில் லாஸ் வேகஸில் நடந்த டெஃப்கான் என்ற ஹேக்கர் மாநாட்டுக்குப் போக ஆபீஸில் சரி சொன்னபோது, வெயிலைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. இப்போது சியாட்டிலில் இருந்தாலும் பிறந்து வளர்ந்தது வேலூர். கத்திரி வெயிலில் கிரிக்கெட் ஆடிய உடம்பு என்ற திமிர். அம்மாவும் போனில், "நம்ம ஊர் வெயிலையே பாத்தவன், உனக்கென்னடா" என்று ஏற்றிவிட்டார்.

ஜூலை 7ஆம் தேதி அங்கே 120 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 48.9 செல்சியஸ் அடித்தது. அந்த ஊரில் பதிவானதிலேயே அதிகம். அப்புறம்தான் கொஞ்சம் பயம் வந்தது. ஆனால் அறையை அதற்கு முன்பே போட்டுவிட்டிருந்தேன்.

அந்த அறைதான் நான் செய்த தப்பு. கோடையில் வாடகை சல்லிசாகத் தெரியும். பணம் கட்டும் பக்கத்துக்குப் போனால் 'ரிசார்ட் கட்டணம்' என்று ஒன்று ராத்திரிக்கு ராத்திரி ஏறும், அதன் மேல் சுமார் 13 சதவீதம் வரி. (2025 மே மாதத்திலிருந்து இந்தக் கட்டணத்தையும் சேர்த்த விலையை முதலிலேயே காட்ட வேண்டும் என்று விதி வந்துவிட்டது. நான் போனது அதற்கு முந்தின வருஷம்.) காசு போனது கூடப் பரவாயில்லை, இடத்தைப் பார்க்காமல் விட்டதுதான் உறுத்தியது. அந்த வருஷம் மாநாடு நடந்தது கன்வென்ஷன் சென்டரில். அதன் வாசலுக்கே மோனோரயில் போகிறது, ஆனால் அது ஓடுவது 'ஸ்ட்ரிப்' என்ற பிரதான ஹோட்டல் சாலையின் கிழக்குப் பக்க ஹோட்டல்களுக்குப் பின்னால். நான் போட்டிருந்த அறை மேற்குப் பக்கம். மேப்பில் ஒரு விரல் அகலம்தான். நேரில், என் ஹோட்டலின் சூதாட்டக் கூடத்தைக் கடந்து, நடைபாலம் ஏறி இறங்கி, எதிர் ஹோட்டலின் சூதாட்டக் கூடத்தையும் கடந்தால்தான் ஸ்டேஷன். இருபத்தைந்து நிமிஷம்.

நுழைவு பேட்ஜை வாசலிலேயே ரொக்கம் கொடுத்து வாங்குவது அங்கே பழைய வழக்கம். அந்த வரிசைக்கே 'லைன்கான்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எனக்கு ஆபீஸில் காட்ட ரசீது வேண்டும் என்பதால் ஆன்லைனில் முன்பதிவு செய்துவிட்டேன்.

முதல் நாள் மதியம் 42 டிகிரி. அம்மா சொன்னது சரிதான் போல என்று தெம்பாக நடந்தேன், ஏனென்றால் வியர்க்கவே இல்லை. வேலூரில் நாலு எட்டு வைத்தால் சட்டை முதுகில் ஒட்டும், உடனே மோரோ தண்ணியோ தேடுவோம். அங்கே காற்றில் ஈரமே கிடையாது. வியர்வை வந்த சுவடு தெரியாமல் காய்ந்துவிடுகிறது. ஹாலுக்குள் போய்ப் பையைக் கழற்றியபோதுதான் கவனித்தேன்: கறுப்புச் சட்டையில் தோள்பட்டை நெடுக வெள்ளையாக உப்புக்கோடு. சாயங்காலம் தலைவலி, உதட்டில் வெடிப்பு, சிறுநீர் டீ டிகாஷன் நிறத்தில். ஊரிலிருந்து வந்த எலக்ட்ரால் (தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்பு-சர்க்கரைப் பொடி) பாக்கெட்டுகள் பெட்டியில் இருந்தன. ஒரு லிட்டர் கலக்கி மெல்லக் குடித்த பிறகுதான் தலை நிமிர்ந்தது. அடுத்த நாளிலிருந்து தாகம் எடுக்கிறதா என்று பார்க்கவில்லை. மணி பார்த்துக் குடித்தேன்.

இருட்டினால் குறையும் என்று நினைத்ததும் நடக்கவில்லை. இரவு பத்து மணிக்குக்கூட கான்கிரீட் தரை அடுப்புக்கல் மாதிரி அனல் விடுகிறது. உள்ளே வந்தால் நேர் எதிர். ஏசியில் இரண்டு மணி நேரம் ஒரு பேச்சைக் கேட்டால் விரல் விறைக்கும். பாலைவனத்துக்குப் போகிறவனுக்கு ஸ்வெட்டர் எதற்கு என்று வீட்டில் சிரித்தார்கள். நாலு நாளும் போட்டது அதைத்தான். தொப்பியை இரண்டு தடவை எடுத்திருப்பேன்.

ஊர் திரும்பியதும் ஹோட்டலிலிருந்து ஒரு பில் வந்தது. அறை ஃப்ரிட்ஜில் அவர்கள் வைத்திருந்த பாட்டில்களை நகர்த்திவிட்டு என் தண்ணீர் பாட்டிலை வைத்திருந்தேன். அடியில் சென்சாராம், நகர்த்தினாலே விற்றதாகக் கணக்கு. போன் செய்து சொன்னதும் எடுத்துவிட்டார்கள். மிச்சமான எலக்ட்ரால் பாக்கெட் இரண்டு இன்னும் அந்தப் பெட்டியிலேயே கிடக்கிறது.