ஆவணிக் கடைசியில் தம்பலகாமத்து நாவல் மரத்தடியில்

திருகோணமலையில் இலையுதிர்காலம் என்று தனியாக ஒரு பருவம் கிடையாது. ஆனாலும் ஆவணி முடிந்து புரட்டாதி பிறக்கும் நாட்களில், மாதக்கணக்கில் வீசிய கச்சான் காற்று தணிந்து, சிறுபோக அறுவடை முடிந்த வயல்கள் வெறும் அரிதாளாகக் கிடக்க, மாரிமழைக்கு இன்னும் சில வாரங்கள் எஞ்சியிருக்கும் ஓர் இடைவெளி உண்டு. காட்டுப்பழம் தேடிப் போக அதைவிட நல்ல காலம் எனக்குத் தெரியவில்லை.

கண்டி வீதி பஸ்ஸில் சீனன்குடாவைக் கடந்து, பாலம்போட்டாற்றில் இறங்கி, தம்பலகாமத்தில் இருக்கும் பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். மறுநாள் காலை, நன்றாக வெளிச்சம் வந்த பிறகே சின்னக் குளத்துக் கட்டில் ஏறினோம். இரவில் யானை வந்துபோகும் வழி அது. கட்டில் கிடந்த இலத்தியைத் தடியால் தட்டி, உள்ளேயும் காய்ந்திருப்பதைப் பார்த்த பின்னர்தான் பெரியம்மா முன்னே நடந்தார்.

நான் பள்ளிக்கூடம் போன காலம் போர்க்காலம். பிள்ளைகளைக் காட்டோரம் விடுவதை அன்று எவரும் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. பாலை, வீரை, சூரை என்ற பெயர்களையெல்லாம் பெரியவர்களின் பேச்சில் கேட்டிருந்தேனே தவிர, மரத்தைக் காட்டிக் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. அந்தக் குறை இத்தனை வருடங்களாக என்னை உறுத்திக்கொண்டிருந்தது.

குளக்கட்டின் கீழே நின்ற நாவல் மரத்தடி முழுவதும் ஊதாக் கறையாக இருந்தது. வௌவால் கடித்துப் போட்டவற்றை விலக்கி, முழுப்பழங்களை மட்டும் பொறுக்கினோம். நான் ஆசையில் ஒரு கொப்பைப் பிடித்தபோது, "உலுப்பாதை மகள், செங்காயும் சேர்ந்து கொட்டுண்டு போகும்" என்று தடுத்தார். காம்படியில் சிவப்பு ஓடியிருந்தால் அது தொண்டையைக் கட்டும். நுனி முதல் அடி வரை கறுத்துத் தொட்டால் மெத்தென்றிருப்பதே பழம் என்று ஒவ்வொன்றாகக் கையில் வைத்துக் காட்டினார். கொண்டுவந்த சட்டியில் பழங்களோடு ஒரு சிட்டிகை உப்பைத் தூவி, மூடிக் குலுக்கினார். திறந்தபோது தோல்கள் வெடித்து, அடியில் கருஊதாச் சாறு ஊறியிருந்தது. துவர்ப்பு அடங்கி, இனிப்பு மேலே வந்திருந்தது. இருவர் நாக்கும் மாலை வரை நிறம் மாறவில்லை.

பாலைப்பழக் காலம் முடிந்துவிட்டது. மரத்தை மட்டும் காட்டி, அதன் பால் உதட்டை ஒட்டவைக்கும் என்று சொன்னார். பள்ளம் பள்ளமான அடிமரத்தைக் கொண்ட வீரையில் நாலைந்து சிவப்புப் பழங்கள் மிஞ்சியிருந்தன; கொட்டையைச் சுற்றி மெல்லிய சதைதான், ஆனாலும் முதன்முதலாகத் தின்ற வீரைப்பழம் அது. அதே பற்றையில் குன்றிமணிக் கொடியும் படர்ந்து கிடந்தது. அழகில் மயங்கிப் பிள்ளைகள் வாயில் வைத்துவிடக்கூடிய கொடிய நஞ்சு அந்த விதை. ஆகவே ஊரில் தெரிந்தவர் பெயர் சொல்லாத எதையும் தின்னக்கூடாது என்பதில் பெரியம்மா கண்டிப்பாக இருந்தார். எனக்கும் அதுவே சரியென்று படுகிறது.

திரும்பும் வழியில் மூன்று விளாங்காய்கள் கிடைத்தன. பெரியம்மா ஒவ்வொன்றையும் இடுப்புயரத்திலிருந்து நிலத்தில் போட்டுப் பார்த்தார். துள்ளினால் காய், விழுந்த இடத்திலேயே கிடந்தால் பழம். இரண்டு துள்ளின. துள்ளாததை வாசற்படியில் உடைத்துச் சர்க்கரையும் தேங்காய்ப்பாலும் சேர்த்துக் குடித்தோம். மற்ற இரண்டும் இப்போது என் யன்னலோரம் இருக்கின்றன; நேற்றிரவிலிருந்து ஒன்று மணக்கத் தொடங்கியிருக்கிறது.