உட்காரச் சொல்லும் சட்டத்தை யாரிடம் சொல்வது?

தமிழ்நாட்டில் கடை ஊழியர்களுக்கு உட்காரும் உரிமை கிடைத்தது 2021இல். 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவைச் சேர்க்கும் திருத்தம் அந்த செப்டம்பரில் சட்டமன்றத்தில் நிறைவேறியது. எல்லா ஊழியர்களுக்கும் இருக்கை வசதி வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்பு கிடைக்கும்போது அவர்கள் உட்கார முடியவேண்டும் என்பதுதான் அதன் சாரம். அதற்குப் பிறகும் எங்கள் ஊர் ஜவுளிக்கடைகளில் பெண்கள் காலையிலிருந்து ராத்திரி வரை நின்றுகொண்டுதான் இருந்தார்கள். பெண் தொழிலாளர்களுக்காக இயங்கும் ஒரு சிறிய தொண்டு நிறுவனத்தில் நோட்டீஸ், பத்திரிகைச் செய்தி, அறிக்கை எழுதுவது என் வேலை. இந்தச் சட்டத்தை ஊருக்குள் கொண்டுபோகும் பொறுப்பு என்னிடம் வந்தது.

கேரளத்தில் கதை வேறு. கோழிக்கோட்டில் விஜி என்ற தையல் தொழிலாளி முன்னின்று கட்டிய 'பெண்கூட்டு' என்ற பெண் தொழிலாளர் அமைப்பு கழிப்பறைக்காகப் போராடி, அப்புறம் நாற்காலிக்காகப் போராடி, 2018இல் அங்கே சட்டம் திருத்தப்பட்டது. போராடியவர்கள் கையில்தான் சட்டம் வந்து சேர்ந்தது. எங்கள் ஊரிலோ யாரும் கேட்பதற்கு முன்பே சட்டம் வந்துவிட்டது. அதனால் எதைச் சொல்வது என்பதைவிட, யாரிடம் சொல்வது என்பதில்தான் எங்களுக்கு அதிக நேரம் போனது.

ஊழியர்களிடம் சொன்னால் போதும் என்றுதான் எல்லாருக்கும் தோன்றும். பஸ் ஸ்டாண்டில் பேசிய ஒரு பெண் நேராகவே கேட்டாள்: "அக்கா, சட்டம் இருக்கறது எங்களுக்குத் தெரியாம இல்ல. அதை நான் கடையில சொன்னா நாளைக்கு யாரு வேலை குடுப்பா?" பலர் கடையே நடத்தும் விடுதியில் தங்கியிருப்பவர்கள். வேலை போனால் படுக்க இடமும் போய்விடும். அவர்களைப் பேசவைப்பது எங்கள் வேலை இல்லை, அவர்கள் பேசாமலே காரியம் நடக்கவேண்டும் என்று கூட்டத்தில் முடிவானது. இந்த ஒரு முடிவுதான் மற்ற எல்லாவற்றையும் தீர்மானித்தது.

நிதி தருபவர்கள் வீடியோ கேட்டார்கள். வீங்கிய கால், கண்ணீர், பின்னணி இசை. முகத்தை மறைத்தாலும் குரலை வைத்து மேலாளர் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார் என்று எழுதினோம். பதிலுக்கு, எத்தனை பேர் பார்ப்பார்கள் என்ற கணக்கு வேண்டுமே என்றார்கள். நல்ல மனிதர்கள்தான், ஆனால் அவர்கள் நிரப்பவேண்டிய படிவத்தில் அந்தக் கட்டம் இருக்கிறது! கடைசியில் ஊழியர்கள் யாரையும் காட்டாமல், சட்டத்தை மட்டும் விளக்கும் சிறிய படம் ஒன்று எடுத்தோம்.

ஊழியர்களுக்கு என்று செய்தது பாக்கெட் காலண்டர் ஒன்றுதான். கடையை விட்டு வெளியே வரும்போது பையைச் சோதிப்பார்கள், நோட்டீஸ் இருந்தால் கேள்வி வரும். காலண்டரை யாரும் சந்தேகப்படுவதில்லை. பின்பக்கத்தில் பிரிவு எண், தொழிலாளர் துறையின் மாவட்ட அலுவலக எண், இரண்டு வரி விளக்கம்.

முதலாளிகள் தரப்பில் திரும்பத் திரும்ப வந்த பதில் ஒன்றே ஒன்று: "கஸ்டமர் வரும்போது பொண்ணுங்க உட்கார்ந்திருந்தா மரியாதை இல்லைன்னு நினைப்பாங்க." சரி, அப்படியானால் கஸ்டமரிடமே போவோம் என்று மகளிர் சுயஉதவிக் குழுக் கூட்டங்களுக்குப் போனோம். தீபாவளிச் சீட்டுப் பணத்தோடு குடும்பம் குடும்பமாக ஜவுளி எடுப்பவர்கள் அவர்கள்தான். அவர்களில் பலருடைய மகளோ மருமகளோ ஏதாவதொரு கடையில் நின்றுகொண்டிருப்பவள். பிரிவு, சட்டம் எதையும் அங்கே பேசவில்லை. ஒரு வாக்கியம் மட்டும் சொல்லிக்கொடுத்தோம்: "நாங்க பார்த்துட்டு இருக்கோம், நீ உட்காரும்மா." சூபர்வைசர் காதில் விழும்படி சொல்லவேண்டும், அவ்வளவுதான். எந்தப் போஸ்டரும் செய்யாத வேலையை இது செய்தது. துணி எடுக்க வந்தவர் சொல்லும்போது சூபர்வைசரால் முறைக்க முடியாது.

சூபர்வைசர்கள் பாவம்தான். அவர்களும் நிற்பவர்கள். "கேமராவுல முதலாளி பார்த்தா என்னைத்தானே கேப்பாரு" என்றார் ஒருவர். அதனால் வியாபாரிகள் சங்கத்துக்கு எழுதிய கடிதத்தில், உட்கார அனுமதி உண்டு என்று முதலாளியே மாடிக்கு மாடி அறிவிப்பு ஒட்டவேண்டும் என்று கேட்டோம். 'சுரண்டல்' என்ற சொல் அந்தக் கடிதத்தில் இல்லை. எங்கள் அலுவலகத்திலேயே இதற்குச் சண்டை வந்தது, குனிந்துபோகிறோம் என்றார்கள். சட்டம் நம் பக்கம் இருக்கும்போது குரலை உயர்த்தத் தேவையில்லை என்பது என் கட்சி. சங்கத்தில் பாதிப் பேர் கேட்டார்கள். மீதிப் பேர் காபி கொடுத்து அனுப்பினார்கள்.

பத்திரிகைகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. முதல் பக்கம் முழுக்க ஜவுளிக்கடை விளம்பரம் வாங்கும் காலத்தில் இந்தச் செய்திக்கு இடம் கிடைக்காது. நிருபர்கள் பாதிக்கப்பட்ட பெண்ணைக் கேட்டார்கள், நாங்கள் காகிதத்தைக் கொடுத்தோம். தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி, 22-ஏ பிரிவுக்காக எத்தனை கடைகளை ஆய்வு செய்தீர்கள் என்று கேட்டிருந்தோம். 30 நாளில் வரவேண்டிய பதில் தாமதமாகத்தான் வந்தது. அதை வைத்து ஒரு நிருபர் செய்தி எழுதினார். பண்டிகைக் கூட்டம் ஓய்ந்த பிறகு வெளியானது. ஒருவிதத்தில் அதுவும் நல்லதே, கடைக்காரர்களுக்குப் படிக்க நேரம் இருந்தது.

பலனை எப்படி அளப்பது? தன்னார்வலர்கள் துணி எடுப்பதுபோல் போய்ப் பார்த்து வந்தார்கள். ஸ்டூல் இருக்கிறதா என்று ஒரு கட்டம், அதில் யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா என்று இன்னொரு கட்டம். முதல் கட்டத்தில் டிக் வேகமாகக் கூடியது. ஆய்வுக்கு ஆள் வந்தால் காட்டுவதற்காக ஸ்டூலை வாங்கி, மேலே துணிக்கட்டு அடுக்கிவைத்த கடைகளும் உண்டு. இரண்டாவது கட்டம் மெதுவாகத்தான் நிரம்புகிறது. நிதியாளர்களுக்கான அறிக்கையில் இரண்டாவது கணக்கைத்தான் மேலே வைத்தேன், வீடியோ பார்த்தவர்களின் எண்ணிக்கை கடைசிப் பக்கத்துக்குப் போனது. கேள்வி கேட்டார்கள், விளக்கினேன், அடுத்த தவணை வந்துவிட்டது.

அடுத்து பாத்திரக்கடைகள். அங்கே எங்கள் ஊரில் ஆண்கள்தான் அதிகம், சுயஉதவிக் குழு வழி எவ்வளவு தூரம் போகும் என்று பார்க்கவேண்டும்.