அவலாஞ்சி: கறுப்பு மண்ணும் 3,000 ரூபாய் ஜீப்பும்

முதல்ல வயித்தெரிச்சலைக் கொட்டிடறேன். ஊட்டியிலிருந்து அவலாஞ்சி போய்வர ஜீப்புக்கு 3,000 ரூபாய். பேரம் பேசி 2,500-க்கு ஏறினா, இறங்கும்போது ‘வெயிட்டிங்’னு இன்னொரு 500! அதாவது மறுபடியும் அதே 3,000. வழியில இருக்கிற எமரால்டு ஊர் வரைக்கும் பஸ்ல போயிருக்கலாம், பஸ் நேரத்தைக் கடைசியில எழுதறேன்.

ஆனா அந்த வெயிட்டிங்குக்குக் காரணம் எங்க சித்தப்பாதான். மண் பரிசோதனைக் கூடத்துல வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். சோலைக்காட்டு ஓரம் ரோட்டுக்காக வெட்டின மேட்டைப் பார்த்ததும், “நிறுத்துப்பா”ன்னு இறங்கிட்டார். மேலே பாசி மூடின குட்டை மரங்கள். வேருக்குக் கீழே ஒரு முழத்துக்குக் கரி மாதிரி கறுப்பு மண். அதுக்கும் கீழே திடீர்னு செங்கல் நிறம். கைநிறைய அள்ளினேன். ஈரமான காபித்தூள் மாதிரி இருந்துச்சு, கனமே இல்லை.

“எரிமலை மண்ணு இப்படித்தான்டா இருக்கும். ஆனா இங்க எரிமலை ஏது?”ன்னார். எல்லாம் அடியில இருக்கிற பாறையோட வேலையாம். பேரு சார்னோக்கைட், வயசு சுமார் 250 கோடி வருஷம். மழை அதைக் கரைச்சுக் கரைச்சு, சிலிக்காவும் சுண்ணாம்புச் சத்தும் போய், இரும்பும் அலுமினியமும் மிஞ்சியிருக்கு. இலைதழை மட்கினதும் இந்த ரெண்டும் அதை இறுக்கிப் பிடிச்சுக்குது, நுண்ணுயிர்களால லேசில தின்ன முடியாது. அதனால கார்பன் மண்ணுலயே தங்கிடுது. வெறும் மணலா உதிர்ற பாறையா இருந்தா இந்தப் பிடிமானம் கிடையாது.

“நம்ம பல்லாவரம் மலையும் இதே பாறைதானே, அங்க ஏன் கறுப்பு இல்ல?”ன்னு மடக்கினேன். “அங்க குளிரு எங்கடா இருக்கு?” 2,000 மீட்டருக்கு மேல குளிரும் ஈரமும் சேர்ந்தாத்தான் பாறையோட வித்தை பலிக்குமாம்.

மரம் நட்டா கார்பன் சேரும்னு பலகை வைக்கிறவங்க யாரும் இந்த ஒரு முழ மண்ணைப் பத்திப் பேசறதில்லை. 2019 ஆகஸ்ட் 8 அன்னிக்கு இங்க ஒரே நாள்ல 82 செ.மீ. மழை. சரிவுகள் சரிஞ்சு விழுந்துச்சு. சேர்றதுக்கு ஆயிரக்கணக்கான வருஷம் ஆன மண், போறதுக்கு ஒரு ராத்திரி போதும்.

எமரால்டுல சூடா டீயும் வர்க்கி பிஸ்கட்டும், மூணு பேருக்கு 90 ரூபாய். இந்தப் பயணத்துலயே நியாயமான செலவு அதுதான். பஸ் நேரம் எழுதறேன்னு சொல்லியிருந்தேன்ல? குறிச்ச சீட்டை ஜீப்புலயே விட்டுட்டேன்.