கேக்குக்கு விலை சொன்னேன், பாட்டுக்கு வாய் வரவில்லை

கேக்குக்குக் காசு கேட்பதில் எனக்குக் கூச்சமே இருந்ததில்லை. மைதா, முட்டை, வெண்ணெய் எல்லாம் கடையில் விலை போட்டு விற்கிற சாமான். கணக்குச் சொன்னால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். பாட்டுக்குக் காசு கேட்கத்தான் ஒன்றரை வருஷம் ஆனது.

பாளையங்கோட்டைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எங்கள் பக்கத்து சிஎஸ்ஐ கிறிஸ்தவக் குடும்பங்களில் பாட்டும் கேக்கும் ஒன்றாகவே வளரும். அக்டோபரிலேயே அம்மா கிஸ்மிஸ், முந்திரி, ஆரஞ்சுத் தோல், டூட்டி ஃப்ரூட்டி எல்லாவற்றையும் திராட்சை ரசத்தில் ஊறப்போட்டுப் பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் மூடி வைத்துவிடுவாள். டிசம்பர் பிறந்தால் பகலில் கேக், ராத்திரியில் வீடு வீடாகப் போய்ப் பாடுகிற கேரல் ரவுண்ட்ஸ். வீட்டில் ஓவன் கிடையாது. மாவைக் கலக்கித் தட்டில் ஊற்றி, மேலே துணியைப் போட்டு, தெருமுனை பேக்கரியின் விறகடுப்பில் கொடுத்துச் சுட்டு வாங்குவோம். தட்டு மாறிப் போகாமல் இருக்க ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் அடையாளம். எங்கள் தட்டில் அப்பா ஆணியால் கீறிய ஒரு சிலுவை. ஆனால் பாதிப் பேர் தட்டிலும் அதே சிலுவைதான் இருந்தது.

பதினாலு வயதில் கோயில் பாடகர் குழுவின் கீபோர்டில் உட்கார்ந்தேன். இன்றைக்கு வரை அதற்கு ஒரு ரூபாய் வாங்கியதில்லை, வாங்கவும் தோன்றியதில்லை. பிரச்சினையே அங்கேதான் ஆரம்பம்.

நான் வேலை பார்த்த தனியார் பள்ளியில் கொரோனா சமயத்தில் சம்பளம் பாதியானது. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் கேக் படம் போட ஆரம்பித்தேன். அரைக் கிலோ, ஒரு கிலோ என்று பிறந்தநாள் ஆர்டர்கள். 2022இல் சொந்தத்தில் ஒரு பெரியம்மைக்கு 25ஆவது கல்யாண நாள். "கேக் நீ செய்யி. அப்படியே கீபோர்டையும் தூக்கிட்டு வந்து ரெண்டு பாட்டு வாசிச்சிரு" என்றாவ. இரண்டையும் சேர்த்துச் செய்யலாம் என்ற யோசனை எனக்கு வந்ததே அன்றைக்குத்தான்.

அந்த நாளின் கணக்கு இன்னும் என் நோட்டில் இருக்கிறது. மூன்று கிலோ கேக், கிலோ 900 வீதம் 2,700 ரூபாய் வரவு. சாமான் 1,150, ஸ்பீக்கர் செட் வாடகை 2,500, போக வர ஆட்டோ 400, ஆக 4,050 செலவு. கையிலிருந்து 1,350 ரூபாய் போட்டு விருந்து நடத்திக் கொடுத்திருக்கிறேன். பாட்டுக்கு ஒரு டப்பா நிறைய பிரியாணி கொடுத்தாவ. பிரியாணி நன்றாகத்தான் இருந்தது.

காகித வேலை நான் பயந்த அளவுக்கு இல்லை. உணவுப் பாதுகாப்புத் துறையின் ஃபாஸ்காஸ் தளத்தில் சிறு தொழிலுக்கான பதிவு. அப்போது ஆண்டு வரவு 12 லட்சத்துக்குள் இருப்பவர்களுக்கு வருஷத்துக்கு 100 ரூபாய்தான். ஆதார், போட்டோ, வீட்டு முகவரிச் சான்று போதும். 14 இலக்க எண் ஒன்று வரும், அதைப் பெட்டியில் அச்சடிக்க வேண்டும். சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு முழுக்க இலவசம் என்பது தெரியாமல் ஒரு பிரவுசிங் சென்டரில் 500 ரூபாய் அழுதேன். நீங்கள் அழ வேண்டாம், போனிலேயே முடித்துவிடலாம். ஆண்டு வரவு எவ்வளவைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு வேண்டும் என்று ஆடிட்டர் ஒருவரைக் கேட்டேன். "பொருள் மட்டும் வித்தா எல்லை வேற. நீங்க பாட்டுன்னு சேவையும் சேர்க்கீங்க. 20 லட்சத்தை மனசுல வச்சுக்கிடுங்க" என்றார். 20 லட்சம் வந்தால் அவருக்கே ஒரு கேக் இலவசம் என்று சொல்லிவிட்டு வந்தேன். அன்று கேக்குக்கு 18 சதவீதமாக இருந்த வரி 2025 செப்டம்பர் 22 முதல் 5 ஆகியிருக்கிறது. அதனால் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. வெண்ணெய்க்கான வரி குறைந்ததுதான் சந்தோஷம்.

இனி அந்த மே மாதக் கதை.

2023. திருநெல்வேலி வண்ணாரப்பேட்டைப் பக்கம் ஒரு மண்டபத்தில் கல்யாண வரவேற்பு. மூன்று அடுக்கு, ஐந்து கிலோ, முழுக்க வெள்ளைக் கிரீம். பாட்டும் நாங்கள்தான். நான் கீபோர்டு, சித்தி மகன் வயலின், பாடகர் குழுவிலிருந்து இரண்டு பெண்பிள்ளைகள். மண்டபத்தில் ஏசி உண்டு என்றார்கள். உண்டுதான், ஆனால் விருந்தாளிகள் வந்த பிறகே போடுவார்களாம். ஐந்தரை மணிக்கு உள்ளே நுழைந்தால், பகலெல்லாம் வெயில் குடித்த கூரை அத்தனை சூட்டையும் கீழே இறக்கிக்கொண்டிருந்தது. கேக் மேசைக்கு நேர் மேலே இரண்டு மஞ்சள் ஃபோகஸ் லைட் வேறு.

கேக்கை அடுக்கி வைத்துவிட்டு மேடைக்குப் போனேன். ஸ்பீக்கரில் "ம்ம்ம்" என்று ஓர் இரைச்சல். மிக்சரில் ஒவ்வொரு சேனலாக மூடிப் பார்த்தோம். கீபோர்டைத் திறந்தால் மட்டும் வருகிறது. மேடைக்கு அடியில் தவழ்ந்து போய்ப் பார்த்தால், அலங்கார சீரியல் லைட் போகிற அதே பெட்டியில்தான் கீபோர்டு அடாப்டரையும் செருகியிருந்தார்கள். ஸ்பீக்கர்காரர் தம்முடைய பெட்டியிலிருந்தே ஒரு வயர் இழுத்துக் கொடுத்தார். இரைச்சல் நின்ற அந்த நொடியில் அலங்கார வேலைக்கு வந்திருந்த பையன் கத்தினான்:

"யக்கா, கேக்கு நடக்குது!"

நடந்துகொண்டுதான் இருந்தது. மேல் அடுக்கு மெல்ல மெல்ல மாப்பிள்ளை வீட்டுப் பக்கமாகச் சாய்ந்துகொண்டிருந்தது. கிரீம் வியர்த்து, ஓரத்தில் போட்டிருந்த பூக்கள் தாடி மாதிரி இறங்கியிருந்தன. குளிரில் மட்டுமே நிற்கிற கிரீம் அது. அதைவிடப் பெரிய தப்பு, அடுக்குகளுக்குள்ளே நான் தாங்கு குச்சி ஊன்றவில்லை. ஒரு கிலோ கேக் செய்து பழகிய கை, ஐந்து கிலோவும் அதே சமாசாரம் என்று நினைத்துவிட்டது.

மேல் அடுக்கை அட்டையோடு தூக்கினேன். வைக்க இடமில்லை. என் வீட்டுக்காரர் சமையற்கட்டுக்கு ஓடி ஒரு சாம்பார் வாளியை எடுத்து வந்தார். அதைக் கவிழ்த்து, வெள்ளைத் துணியைச் சுற்றி, மேலே அந்த அடுக்கை வைத்து, சரிந்த பக்கத்தைச் சுவரைப் பார்த்துத் திருப்பிவிட்டோம். "தனியா ஒரு ஸ்டாண்டுல வச்சது புதுசா இருக்கே" என்று பெண்ணின் அத்தை பாராட்டிவிட்டுப் போனாவ. கழுவ நேரமில்லாமல் சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு கீபோர்டுக்கு ஓடினேன். பெண்ணும் மாப்பிள்ளையும் வாசலில் நிற்கிறார்கள். முதல் கார்டுக்கான கட்டைகளைச் சேர்த்து அழுத்தினேன், கையை எடுத்தேன். ஒரு கட்டை மட்டும் எழும்பவில்லை. கிரீம். அந்த ஒற்றைச் சுரம் அவர்கள் பாதி மண்டபம் கடக்கிற வரை இழுத்துக்கொண்டே வந்தது. சித்தி மகன் அதற்கேற்றாற்போல் வயலினில் ஏதோ வளைத்து வளைத்து வாசித்துச் சமாளித்தான். வீடியோவில் கேட்டால் வேண்டுமென்றே செய்தது போலத்தான் இருக்கிறது.

அதற்குப் பிறகு இரண்டை மாற்றினேன். ஒன்று, நிகழ்ச்சி நடக்கும் இடத்தில் நான் கேக்கைத் தொடுவதில்லை. வீட்டில் முடித்துக் கொடுத்தால் என் பொறுப்பு தீர்ந்தது. மேசையில் அடுக்குவது, வெட்டுகிற வரை பக்கத்தில் நிற்பது எல்லாம் என் நாத்தனார். அதற்கு அவளுக்குச் சம்பளம் உண்டு.

இன்னொன்று, கோடைக்கு வேறு கேக். இதைச் சொல்லித் தந்தது எண்பதை நெருங்கிய ஓர் ஆச்சி. அந்தக் காலத்தில் எங்கள் ஊர்க் கல்யாணக் கேக்கெல்லாம் ராயல் ஐசிங்தான். முட்டை வெள்ளைக்கரு, ஐசிங் சர்க்கரை, சொட்டு எலுமிச்சைச் சாறு. காய்ந்தால் சுண்ணாம்பு பூசிய சுவர் மாதிரி இறுகும். "ஃபேன் கூட இல்லாத மண்டபத்துலயும் நின்னுச்சிட்டி" என்றாவ ஆச்சி. அடியில் பழக் கேக், அதன்மேல் முந்திரிப் பருப்பு அரைத்த மார்சிபான் ஒரு படலம், அதன்மேல் ராயல் ஐசிங். பச்சை முட்டை வேண்டாம் என்பவர்களுக்கு மெரிங்கு பவுடரில் (உலர்ந்த முட்டை வெள்ளைக்கருத் தூள்) செய்து கொடுக்கிறேன். சாக்லேட் கேட்டால் கனாஷ். மற்ற மாதங்களில் இரண்டு பங்கு டார்க் சாக்லேட்டுக்கு ஒரு பங்கு கிரீம். ஏப்ரல், மே, ஜூனில் மூன்றுக்கு ஒன்று. ஐந்து கிலோவோ இரண்டு கிலோவோ, அடுக்கு என்றாலே உள்ளே தடித்த ஸ்ட்ரா ஊன்றாமல் இப்போது வீட்டைவிட்டு அனுப்புவதில்லை. கிரீம்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் வெட்டுவதற்கு அரை மணி முன்னால்தான் கேக் மண்டபத்துக்கு வரும். புதுத் தலைமுறைக்கு ராயல் ஐசிங் பிடிப்பதில்லை, பல்லில் கடிபடுகிறது என்கிறார்கள். எனக்கு அதுதான் பிடிக்கும். நான் விற்பவள், என் ருசியை யார் கேட்டார்கள்.

பாட்டுக்கு விலை வந்த விதத்தையும் சொல்ல வேண்டும். அந்த வரவேற்புக்கு நான் கேக் காசு மட்டும்தான் வாங்கியிருந்தேன். பெண் வீட்டார் கோயிலில் தெரிந்தவர்கள், எப்படிக் கேட்பது? முடிந்து சாமான் ஏற்றும்போது சித்தி மகன் மெதுவாகச் சொன்னான்: "யக்கா, நீ சும்மா வாசிச்சா நானும் சும்மாதானே வாசிக்கணும்?" அவன் நாசரேத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவன். இரண்டு ஒத்திகை, ஒரு நிகழ்ச்சி, மூன்று நாள் அவனுக்கு வேலை கெட்டது. கடைசி பஸ்ஸையும் விட்டுவிட்டு எங்கள் வீட்டுத் திண்ணையில் படுத்துக் கிடந்தான். எனக்குத் தூக்கமே வரவில்லை. தாராள மனசு என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது அவன் காசில் நடந்திருக்கிறது.

மறுநாள் உட்கார்ந்து எழுதினேன். வாசிப்பவர், பாடுபவர் மூன்று பேருக்கு ஆளுக்கு 1,500, சவுண்டு 3,500, போக்குவரத்து 1,000, எனக்கு 2,000. மொத்தம் 11,000. கேக் தனி. என் பெயருக்கு நேரே தொகை எழுதும்போது மட்டும் கை நின்றது. முதலில் 1,000 போட்டேன். அடித்துவிட்டு 2,000 எழுதினேன். மூன்று மணி நேர நிகழ்ச்சிக்கு ஒத்திகை, பாட்டுப் பட்டியல், மேடை கட்டுவது, பிரிப்பது எல்லாம் சேர்த்தால் 11 மணி நேரம் ஆகிறது. மணிக்கு 200 ரூபாய் கூட இல்லை என்று அப்புறம்தான் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

முதல்முறை இந்தத் தொகையைச் சொன்னபோது போனில் ஒரு மௌனம். பிறகு, "ஏட்டி, கர்த்தர் குடுத்த தாலந்துக்கா காசு வாங்குத?" என்று கேட்டாவ ஓர் அத்தை. பதில் சொல்லத் தெரியவில்லை. "எனக்கு வேண்டாம் அத்தே, பிள்ளைகளுக்கும் ஸ்பீக்கர்காரருக்கும் குடுத்திருங்க" என்று உளறிவிட்டேன். 9,000 வந்தது. அடுத்த தடவையிலிருந்து போனில் விலை சொல்வதையே நிறுத்தினேன். எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவேன். பாதி முன்பணம் வந்தால்தான் தேதி உறுதி. முகம் பார்த்துக் கேட்க முடியாததை பிடிஎஃப் கேட்டுவிடுகிறது.

அந்தத் தாளில் இப்போது இன்னும் இரண்டு வரி உண்டு. ஒன்று, திறந்த இடமானால் ஒலிபெருக்கி அனுமதி அவர்கள் வாங்க வேண்டும், இரவு 9.45க்கு நிறுத்திவிடுவோம். பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது சட்டம். பத்தேகாலுக்கு "ஒரே ஒரு குத்துப்பாட்டு" கேட்கிற தாய்மாமா இல்லாத கல்யாணம் இந்த ஜில்லாவில் இல்லை. மற்றொன்று, பாட்டு உரிமம், அதாவது பிறருடைய பாட்டை நிகழ்ச்சியில் வாசிக்க உரிமைக்காரர்களிடம் வாங்கும் அனுமதி. ஒரு பிறந்தநாள் விழாவில் ஓட்டல் மேலாளர் உரிமக் கடிதம் எங்கே என்று கேட்டபோதுதான் எனக்கு விஷயமே தெரியும். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆவது பிரிவு கல்யாணத்துக்கும் அதைச் சேர்ந்த கொண்டாட்டங்களுக்கும் விலக்குக் கொடுக்கிறது. ஓட்டலில் நடத்தும் பிறந்தநாளுக்கு அந்த விலக்கைக் காட்டித் தப்ப முடியாது. அன்றைக்குப் பழைய கீர்த்தனைகளையும் பொதுவான பிறந்தநாள் ராகத்தையும் வாசித்து ஒப்பேற்றினோம். கேக் வெட்டின பிள்ளைக்கு ஆறு வயது. கீர்த்தனையைக் கேட்டுக் கொட்டாவி விட்டான்.

மாதம் இரண்டு நிகழ்ச்சி, அதற்கு மேல் எடுப்பதில்லை. பள்ளி வேலையை இன்னும் விடவில்லை. விடு என்று சொல்கிறவர்கள் யாரும் என் கடனைக் கட்டுவதாகச் சொல்லவில்லை. துக்க வீட்டுப் பாட்டுக்கு விலை கிடையாது, அதை யாரும் கேட்கவும் இல்லை. பிரியாணி கொடுத்த பெரியம்மை போன மாதம் பேரனின் ஞானஸ்நானத்துக்குக் கூப்பிட்டாவ. தாளை அனுப்பினேன். ஒரு வார்த்தை பேசாமல் ஜிபேயில் பாதியைப் போட்டுவிட்டு, "கீபோர்டுல கிரீம் படாம பாத்துக்கோ" என்று வாய்ஸ் மெசேஜ் அனுப்பினாவ. அந்தக் கதை அதுவரைக்கும் போயிருக்கிறது.

டிசம்பர் 10க்குப் பிறகு பாட்டுக்கு ஆர்டர் எடுப்பதில்லை. கேரல் ரவுண்ட்ஸ் இருக்கிறது, அதற்கு என்றைக்கும் காசு இல்லை. விடியற்காலை மூன்று மணிக்கு, தொண்டை கட்டின நேரத்தில், யார் வீட்டுத் திண்ணையிலாவது தட்டில் கேக் நீட்டுவார்கள். பாதி வீடுகளில் அது நான் சுட்டு விற்ற கேக்காகத்தான் இருக்கும்.