வார்டு நாட்குறிப்பு: பார்த்ததை அன்றே சொல்வது

மார்ச் 4

ஆஸ்துமாவுக்காகச் சேர்ந்திருந்த பாட்டி இன்று வீட்டுக்குப் போகிறார். இன்ஹேலர் எடுக்கும் முறையை என்னிடம் பயிலும் ரெசிடென்ட் (பயிற்சி மருத்துவர்) தமிழிலேயே விளக்கினாள்: குலுக்குங்க, மூச்சை முழுசா வெளியே விடுங்க, அழுத்திக்கிட்டே மெதுவா உள்ளே இழுங்க, பத்து விநாடி அடக்குங்க. "புரிஞ்சுதா பாட்டி?" "புரிஞ்சுதும்மா." அடுத்த கட்டிலுக்கு நகர்ந்துவிட்டோம்.

ரவுண்ட்ஸ் முடிந்ததும் லிஃப்ட் பக்கம் தனியாக அழைத்து, "எப்படிப் போச்சுன்னு நினைக்கிறே?" என்று கேட்டேன்.

"சரியாத்தான் போச்சு டாக்டர்."

"படிப்படியாச் சொன்னது ரொம்ப நல்லா இருந்தது. ஆனா பாட்டி இன்ஹேலரைக் கையில வாங்கவே இல்லையேம்மா. செஞ்சு காட்டச் சொல்லிப் பாரு."

உடனே திரும்பிப் போனாள். பாட்டி முதலில் அழுத்திவிட்டு, அப்புறம் மூச்சை இழுத்திருக்கிறார். மருந்து வாயோடு நின்றுவிட்டது. இன்ஹேலரோடு பொருத்தும் ஸ்பேசர் குழாயைக் கொடுத்து, அதில் பழக்கிவிட்டு அனுப்பினோம்.

மார்ச் 6

ஒவ்வொரு போஸ்டிங் முடிவிலும் ரெசிடென்ட்களைப் பற்றி நாங்கள் எழுதும் படிவங்களைப் புரட்டினேன். "நல்ல டாக்டர். இன்னும் நிறையப் படிக்கவும்." இதை வைத்துக்கொண்டு அந்தப் பிள்ளை நாளைக் காலையில் எதை மாற்றிக்கொள்ளும்? எனக்குக் கோபமே வந்தது. அமெரிக்க மருத்துவர் ஜேக் எண்டே 1983இல் ஜாமா என்ற மருத்துவ இதழில் எழுதியது இன்னும் பழசாகவில்லை: நேரில் பார்த்ததைச் சொல்லவேண்டும், ஆளைப் பற்றியல்ல, செய்த காரியத்தைப் பற்றி, அதுவும் அவரால் திருத்திக்கொள்ள முடிந்ததை. மதிப்பெண் போடுவது வேறு வேலை.

சிங்கப்பூரில் 2010இல் பிரிட்டிஷ் பாணிப் பயிற்சியிலிருந்து ரெசிடென்சி என்ற அமெரிக்க பாணிப் பயிற்சிக்கு மாறினோம். மினி சி.இ.எக்ஸ். போன்ற நேரடி மதிப்பீட்டுப் படிவங்கள் கையில் இருக்கின்றன. பதினைந்து இருபது நிமிடம் ரெசிடென்ட் நோயாளியைப் பார்ப்பதை நாம் கவனித்து, அங்கேயே பேசிவிடவேண்டும். கவனிக்காமல் ஞாபகத்திலிருந்து நிரப்பினால் அது வெறும் காகிதம்.

மார்ச் 11

ஆன்கால் (இரவுப் பணி) முடிந்து களைத்திருந்த ரெசிடென்ட்களிடம் இன்று எதுவும் சொல்லவில்லை. சாப்பிட்டுத் தூங்கட்டும்.

மார்ச் 13

ரெசிடென்ட் தானாக வந்தாள். "மதியம் ஒரு குடும்பத்துக்கிட்ட ஸ்கேன் முடிவைச் சொல்லணும் டாக்டர். கூட உட்கார்ந்து பாருங்க. நான் அவசரப்படறேனான்னு மட்டும் சொல்லுங்க." கேட்கும்போதே மனசு நிறைந்தது. எதைக் கவனிக்கவேண்டும் என்று அவளே தீர்மானித்துக்கொண்டு வந்திருக்கிறாள். வார்டு நர்ஸையும் வந்து உட்காரச் சொல்லியிருக்கிறேன். நாங்கள் போன பிறகு குடும்பத்தார் சந்தேகம் கேட்பது அவரிடம்தான்.