பாஸ் முடிகிற நாள்

28 ஜூன் 2024, வெள்ளி

சால்வை, தேங்காய், குரூப் போட்டோ எல்லாம் ஆயிற்று. 34 வருஷம் உட்கார்ந்த மேஜையைக் காலி செய்ய ஒரு துணிப்பை போதுமாக இருந்தது. ஆபீஸில் அழவில்லை. சாயங்கால மும்பை லோக்கல் ரயிலில், தினமும் சேர்ந்து போகும் எங்கள் கோஷ்டி வடாபாவ் வாங்கி வைத்துக்கொண்டு காத்திருந்ததே, அங்கேதான் அழுதேன்.

1 ஜூலை, திங்கள்

நாலே முக்காலுக்கே விழிப்பு வந்துவிட்டது. அடுப்படிக்குப் போனால் என் வீட்டுக்காரர் டிகாக்ஷன் இறக்கிக்கொண்டிருக்கிறார். அவர் ரிட்டயர் ஆகி இரண்டு வருஷம் ஆகிறது, நான் எட்டேகால் ஃபாஸ்ட் லோக்கலுக்கு ஓடிக்கொண்டிருந்த அந்த இரண்டு வருஷத்தில் சமையலறை முழுக்க அவர் கைக்குப் போயிருப்பது இன்றைக்குத்தான் உறைத்தது. துவரம்பருப்பு டப்பா எங்கே என்று அவரைக் கேட்க வேண்டியிருந்தது. பழைய இடத்தில் எடுத்து வைத்தேன். சாயங்காலம் பார்த்தால் அது மறுபடி அவர் வைத்த இடத்திலேயே இருக்கிறது. இரண்டு பேரும் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை, ஆனால் எனக்கு மனசு கஷ்டமாக இருந்தது.

15 ஜூலை, திங்கள்

தபால் ஆபீஸில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 15 லட்சம் போட்டோம். 30 லட்சம் வரை போடலாம், 2023 பட்ஜெட்டில்தான் வரம்பை ஏற்றினார்கள். இப்போது வட்டி 8.2 சதவீதம், ஐந்து வருஷம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை 30,750 ரூபாய் வரும், முதல் தடவை மட்டும் நாள் கணக்குப்படி குறையும். ஒரு வருஷத்துக்குள் கணக்கை மூடினால் வட்டியே கிடையாது, அதனால் அவசரத்துக்கு வேண்டியதைத் தனியாக வைத்துக்கொண்டு மிச்சத்தைத்தான் போட வேண்டும், போடப்போகிறவர்கள் இதை மறக்காதீர்கள். மாதம் பிறந்தால் சம்பளம் என்று பழகியவளுக்கு மூன்று மாதக் கணக்கு பிடிபட நாளாகும்.

19 ஜூலை, வெள்ளி

மூன்று மாத ரயில் சீசன் பாஸ் இன்றோடு முடிகிறது. காரணமே இல்லாமல் எட்டேகாலுக்கு டோம்பிவ்லி ஸ்டேஷனில் போய் நின்றேன், லேடீஸ் பெட்டி வந்து நிற்கும் அதே இடத்தில். என்னைப் பார்த்ததும் உள்ளே ஒரே கூச்சல். மூன்று பேர் சீட்டில் நாலாவதாக ஒண்டிக்கொண்டு, கடைசி ஸ்டேஷனான வி.டி. வரை போனேன். யார் பெண்ணுக்கு வரன் பார்க்கிறார்கள், யார் வீட்டு மாமியாருக்கு மூட்டு ஆபரேஷன், எல்லாம் மூன்று வாரத்தில் எனக்குத் தெரியாமல் நடந்திருக்கிறது. வேலையை நான் தேடவே இல்லை, ஒரு ஃபைலைக்கூட நினைக்கவில்லை. இந்த ஒன்றேகால் மணி நேரத்தைத்தான் தேடியிருக்கிறேன். வி.டி.யில் அவர்கள் வேகமாக நடந்து போய்விட்டார்கள், நான் ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பினேன். பாஸைப் புதுப்பிக்கவில்லை.

11 அக்டோபர், வெள்ளி

நாளைக்கு தசரா, சனிக்கிழமை, ஆபீஸ் லீவு. அதனால் வண்டியில் கோஷ்டியின் பூஜை இன்றைக்கே. பெட்டி முழுக்க சாமந்தித் தோரணம். கொண்டைக்கடலை சுண்டல் அவர் செய்து கொடுத்தார், தேங்காய் துருவியது மட்டும் நான். அவர் சமையலறையில் நான் உதவியாள் என்பது இப்போது பழகிவிட்டது, உண்மையில் பிடித்தும் போய்விட்டது.

என் ஜன்னல் சீட்டில் புதுப்பெண் ஒருத்தி. வழக்கம்போல "எங்கே இறங்குவீங்க?" என்று கேட்டாள், இறங்குகிறவர் இடத்தை அடுத்தவர் பிடிக்க லோக்கலில் எல்லோரும் கேட்கிற கேள்விதான். தாணே என்றேன். ஆரத்தி முடிந்து சுண்டலைக் கொடுத்துவிட்டு அங்கேயே இறங்கிக்கொண்டேன்.

திரும்பும்போது கல்யாண் ஸ்லோ லோக்கலில் பெட்டி பாதிக்கு மேல் காலி. வேலைக்குப் போன நாட்களில் காலை வேளையில் இந்தத் திசையில் நான் போனதே இல்லை. மும்ப்ராவில் மழை முடிந்த மலை பச்சையாக நின்றது, இறங்க வேண்டிய அவசரம் இல்லாமல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே வந்தேன்.