போட்டுக்கொடுத்த பீட்ரூட்

எங்கள் பாப்பாவுக்கு அப்போது ஐந்து வயது. அவள் சாப்பிடுகிற ஐட்டங்களை எண்ண ஒரு கை போதும். பிஸ்கட், நூடுல்ஸ், பால், உருளைக்கிழங்கு, வாழைப்பழம். வாழைப்பழத்தில் ஒரு கறுப்புப் புள்ளி தெரிந்துவிட்டால் நான்குதான். நூடுல்ஸில் மிளகு அளவுக்குப் பொடிசாக நறுக்கிப் போட்ட பீன்ஸைக்கூட ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தட்டின் விளிம்பில் வரிசையாக அடுக்கிவிட்டுத்தான் முதல் வாயே எடுப்பாள். கடைசியில் எண்ணிப் பார்த்தால் நான் போட்டதைவிட இரண்டு கூடுதலாக இருக்கிறதோ என்று சந்தேகம் வரும்.

இந்த நேரம் பார்த்து நான் படிக்கக்கூடாத ஒன்றைப் படித்துத் தொலைத்தேன். உலக சுகாதார நிறுவனத்தின் 2023-ஆம் ஆண்டுப் பரிந்துரை. 2 முதல் 5 வயதுக் குழந்தைகள் ஒரு நாளைக்குக் குறைந்தது 250 கிராம் காய்கறியும் பழமும் சாப்பிட வேண்டும், 6 வயதானால் 350 கிராம் என்று போட்டிருந்தது. உருளைக்கிழங்கு அந்தக் கணக்கில் வராதாம். எங்கள் கணக்கில் வந்துகொண்டிருந்த காய்கறியே அது ஒன்றுதான்.

அன்றைக்கே சமையலறைத் தராசை எடுத்து 250 கிராம் அளந்து மேசையில் குவித்துப் பார்த்தேன். பக்கத்தில் அவள் அன்று சாப்பிட்டதாக நாங்கள் நம்பிய பாதி வாழைப்பழம். அதில் பாதியை அப்புறம் சோபா இடுக்கிலிருந்து மனைவி மீட்டெடுத்தாள்.

சரி, பேச்சுவார்த்தையில் இறங்குவோம் என்று, "ஒரு பீன்ஸ் சாப்பிட்டா ஒரு ஸ்பூன் ஐஸ்கிரீம்" என்று ஆரம்பித்தேன். மூன்றாம் நாளே பாப்பா கறாராகிவிட்டாள். "பீன்ஸுக்கு ஒரு ஸ்பூன் சரி. கேரட்டுக்கு ரெண்டு. புரோக்கோலி ரொம்பக் கஷ்டம்ப்பா, அதுக்கு ஒரு கப்." இரண்டாவது வாரம் தண்ணீர் குடிக்கச் சொன்னால்கூட "குடிச்சா என்ன தருவ?" என்றாள். லியான் பர்ச் என்ற அமெரிக்க ஆய்வாளரின் குழு 1984-லேயே இதைச் செய்து பார்த்திருக்கிறது. பரிசு தருகிறோம் என்று சொல்லி ஒரு பானத்தைக் குடிக்கவைத்த குழந்தைகளுக்கு, கடைசியில் அந்தப் பானத்தின்மேல் இருந்த பிரியம் குறைந்துபோனதாம். பரிசு கொடுத்துத் தின்னவைக்கிறார்கள் என்றால் அது கண்டிப்பாக மோசமான பண்டமாகத்தான் இருக்கும் என்று குழந்தை முடிவு கட்டிவிடுகிறது போல. யோசித்துப் பார்த்தால் நியாயம்தான். ஐஸ்கிரீம் சாப்பிட்டால் பீன்ஸ் தருவேன் என்று யாராவது சொல்கிறோமா?

லஞ்சம் எடுபடவில்லை என்றதும் அதிகாரம். "சூப்பைக் குடிச்சு முடி" என்று ஒரு வாரம் சொன்னேன். இதையும் 2006-இல் ஒரு ஆய்வில் பார்த்துவிட்டார்கள். அப்படிச் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் குறைவாகத்தான் குடித்தார்கள், சூப்பைப் பற்றிக் குறை சொன்னதுதான் கூடியது. எங்கள் வீட்டில் சூப் ஆறி, மேலே ஆடை கட்டி, அதில் பாப்பா விரலால் முகம் வரைந்தாள். அது என் முகம்தான். புருவம் அப்படியே இருந்தது.

மனைவி ஆராய்ச்சிக்கெல்லாம் அசைபவள் இல்லை. ஆனால் 2022-இல் வந்த ஒன்று மட்டும் அவளுக்கு ரொம்பப் பிடித்துப்போனது. இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தில் கர்ப்பிணிகளுக்குக் கேரட் பொடியோ கேல் கீரைப் பொடியோ அடைத்த மாத்திரையைக் கொடுத்து, வயிற்றிலிருக்கும் சிசுவின் முகத்தை ஸ்கேனில் பார்த்தார்கள். கேரட் என்றால் சிரிக்கிற மாதிரி முகம், கேல் என்றால் அழுகிற மாதிரி முகம். "நான் உண்டாகியிருந்தப்ப நீங்க சாயங்காலமானா என்ன வாங்கிட்டு வந்தீங்க? சிப்ஸ். அவ உள்ளேயே பார்த்துச் சிரிச்சிருப்பா" என்று வழக்கை முடித்துவிட்டாள்.

அப்போதுதான் எனக்கு அந்தத் திட்டம் உதித்தது. ஒளித்துக் கொடுப்பது.

அதற்குப் பீட்ரூட்டைத் தேர்ந்தெடுத்தேன். எனக்கே பீட்ரூட் ஆகாது என்பது தனிக்கதை. அந்த மண்வாசனை. மழை பெய்ததும் எழுகிற வாசனையும் அதுவும் ஒன்றுதான், ஜியோஸ்மின் என்ற பொருள். மழையில் வந்தால் ஆளாளுக்குக் கவிதை எழுதுகிறோம், தட்டில் வந்தால் மூக்கைப் பொத்துகிறோம். சாக்லேட் அந்த வாசனையை அமுக்கிவிடும் என்பது என் கணிப்பு. ஞாயிற்றுக்கிழமை, மனைவி வெளியே போயிருந்த நேரம். இரண்டு பீட்ரூட்டைக் குழைய வேகவைத்து, மிக்ஸியில் மைய அரைத்து, கேக் மாவில் கோகோ பொடியோடு கலந்தேன். மாவு முதலில் கொலை நடந்த இடம் மாதிரி இருந்தது. இன்னும் இரண்டு கரண்டி கோகோ விழுந்ததும் சாதுவான பழுப்பு நிறத்துக்கு வந்தது. மிக்ஸி ஜாரை மூன்று முறை கழுவினேன், தோலைப் பழைய செய்தித்தாளில் சுற்றிக் குப்பைத்தொட்டியின் அடியில் அமுக்கினேன். தடயமே இல்லை.

பாப்பா மூன்று துண்டு தின்றாள். மனைவியும் "பரவாயில்லையே, நல்லா மெத்துன்னு வந்திருக்கே" என்றாள். அவளிடமும் சொல்லவில்லை. ரகசியம் இரண்டு பேருக்குத் தெரிந்தால் அது ரகசியமா? அன்றிரவு நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் காலை ஆறரை மணிக்குக் குளியலறையிலிருந்து ஒரே கூச்சல். பயந்த கூச்சல் இல்லை, மகிழ்ச்சிக் கூச்சல். "அம்மா! அப்பா! ஓடி வாங்க! எனக்கு பிங்க் கலர்ல வருது!" அவளுக்குப் பிடித்த நிறமே பிங்க்தான். வாழ்க்கையில் ஏதோ ஒரு பதவி உயர்வு கிடைத்த பூரிப்பில் நின்றாள். மனைவி எட்டிப் பார்த்துவிட்டு அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டாள். எனக்கும் கைகால் ஓடவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிடம் பீட்ரூட் ஞாபகமே வரவில்லை. ஏதேதோ நோய்களின் பெயர்கள்தான் வரிசையாக வந்தன. அரை மணி நேரத்தில் டாக்டர் முன்னால் இருந்தோம். நான் சட்டையின் பொத்தானை ஒன்று மாற்றிப் போட்டிருந்தேன்.

டாக்டர் பாப்பாவின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். காய்ச்சல் இல்லை, எரிச்சல் இல்லை, வலி இல்லை. கீழிமையை இழுத்து வெளுப்பு இருக்கிறதா என்று பார்த்தார். அப்புறம் பேனாவை மூடியபடி சாதாரணமாகக் கேட்டார். "நேத்து பீட்ரூட் சாப்பிட்டாளா?"

"நான் பீட்ரூட்டெல்லாம் தொடவே மாட்டேன் டாக்டர்" என்று பாப்பா பெருமையோடு சொன்னாள். "அது வீட்டுக்குள்ளேயே வராதுங்க" என்று மனைவியும் சாட்சி சொன்னாள். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் ஒட்டியிருந்த தடுப்பூசி அட்டவணையைக் கவனமாகப் படித்துக்கொண்டிருந்தேன்.

"சார்?"

"கேக்ல..." என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

நூற்றில் பத்துப் பதினான்கு பேருக்கு இப்படி வரும் என்று டாக்டர் சொன்னார். பீட்ரூட்டுக்கு நிறம் கொடுக்கும் சாயம் செரிக்காமல் அப்படியே வெளியே வருமாம். இரும்புச்சத்துக் குறைவு உள்ளவர்களுக்குக் கொஞ்சம் அதிகமாக வரும் என்பதால் எதற்கும் ஒரு ரத்தப் பரிசோதனை எழுதினார் (நல்லவேளை, சரியாகவே இருந்தது). இதெல்லாம் என் காதில் பாதிதான் விழுந்தது. மீதிக் கவனமெல்லாம் இரண்டு பக்கமிருந்தும் என்னைத் துளைத்துக்கொண்டிருந்த இரண்டு ஜோடிக் கண்களின்மேல் இருந்தது.

கிளம்பும்போது டாக்டர் இன்னொன்றும் சொன்னார். "ரெண்டு வயசிலேருந்து ஆறு வயசு வரைக்கும் புதுச் சாப்பாடுன்னாலே பிள்ளைங்களுக்கு ஒரு மிரட்சி இருக்கும் சார். பத்துப் பதினஞ்சு தடவை சும்மா தட்டுல வைங்க. என்ன சமைக்கணும், எப்போ வைக்கணும்னு நீங்க முடிவு பண்ணுங்க. எவ்வளவு சாப்பிடணும்னு அவ முடிவு பண்ணட்டும்." இந்தப் பங்கு பிரிப்பை எலின் சாட்டர் என்ற அமெரிக்க உணவியல் நிபுணர் 1980-களிலேயே வகுத்து வைத்திருக்கிறார் என்று பிறகு படித்தேன். கேக் சுடுவதற்கு முன் படித்திருக்கலாம்.

அதன்பின் எங்கள் வீட்டில் சாப்பாட்டு நேரம் என்பது விமான நிலையச் சோதனை மாதிரி ஆனது. ரொட்டியைப் பிய்த்து உள்ளே பார்ப்பாள். பாலை ஸ்பூனால் அடிவரை கலக்கித் தூக்கிப் பார்ப்பாள். ஒரு டம்ளர் தண்ணீரை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, "இதுல என்ன ஒளிச்சு வெச்சிருக்க?" என்றாள். பக்கத்து வீட்டுப் பிறந்தநாள் விழாவில் எல்லோரும் கை தட்டி முடித்ததும், கேக்கை நீட்டிய அந்த வீட்டு அம்மாவிடம், "இதுல பீட்ரூட் இருக்கா ஆன்ட்டி? எங்கப்பா போடுவாரு" என்று கேட்டு வைத்தாள். அங்கிருந்த பெற்றோர் எல்லோரும் ஒரே நேரத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

மனைவி மட்டும் டாக்டர் சொன்னதை விடாமல் செய்தாள். தினமும் நாங்கள் சாப்பிடுகிற பீன்ஸிலேயே மூன்று துண்டைப் பாப்பாவின் தட்டில் வைப்பாள், ஒரு வார்த்தை பேசமாட்டாள். ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாளை ஒட்டிக் குறித்தும் வந்தாள். முதல் மூன்று நாள் பாப்பா தள்ளிவைத்தாள். ஐந்தாம் நாள் முகர்ந்தாள். ஏழாம் நாள் நக்கினாள், நக்கிய நாக்கைச் சட்டையில் துடைத்துக்கொண்டாள். பதினொன்றாம் நாள் கடித்துத் துப்பினாள். "துப்பினதும் முன்னேற்றம்தான்" என்று மனைவி அதையும் எழுதினாள். பதினாலாம் நாள் ஒரு துண்டு உள்ளே போனது. நான் கை தட்டப் போனேன், மேசைக்கு அடியில் என் காலுக்கு ஒரு மிதி விழுந்தது.

ஒரு மாதம் கழித்து ஒரு மாலை பாப்பா சமையலறைக்கு வந்தாள். "அப்பா, பீட்ரூட் இருக்கா?"

"எதுக்கு?" என்றேன், ரொம்ப அலட்சியமாக.

"பிங்க் வரவைக்கணும்."

அவள் கண்ணெதிரேயே தோலைச் சீவி, வேகவைத்து, துண்டு போட்டேன். எதையும் ஒளிக்கவில்லை. முதலில் உதட்டில் தேய்த்துக் கண்ணாடி பார்த்தாள். பிறகு ஒரு துண்டை வாயில் போட்டு, "மண்ணு மாதிரி இருக்கு" என்று முகத்தைச் சுளித்தாள். சுளித்த முகத்தோடேயே இன்னும் மூன்று துண்டு. அப்புறம் கிண்ணத்தை என் பக்கம் தள்ளினாள். "நீயும் சாப்பிடு. யாருக்கு வருதுன்னு பார்க்கலாம்." மனைவி வாசலில் சாய்ந்து நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேறு வழியில்லை, மூச்சைப் பிடித்துக்கொண்டு விழுங்கினேன்.

மறுநாள் இரண்டு பேருக்கும் ஒன்றுமில்லை. "அளவு பத்தலை" என்று தீர்ப்பு சொன்னாள். அன்று எட்டுத் துண்டு. அதற்கடுத்த காலை மறுபடியும் அந்த மகிழ்ச்சிக் கூச்சல். எனக்கு மட்டும் அன்றும் இல்லை, அதற்கடுத்த இரண்டு நாளும் இல்லை. அந்தப் பத்துப் பதினான்கு பேரில் நான் கிடையாது போலிருக்கிறது. அதை அவளுக்கு எப்படிப் புரியவைப்பது?

நேற்றுக் காலையும் குளியலறைக் கதவு தட்டப்பட்டது.

"அப்பா, வந்துச்சா?"

"இல்லம்மா."

வெளியே கொஞ்ச நேரம் சத்தமில்லை. யோசிக்கிறாள் என்று தெரிந்தது.

"சரி, இன்னைக்குப் பத்துத் துண்டு சாப்பிடு. முழுசா முடிச்சா ஒரு ஸ்பூன் ஐஸ்கிரீம் தரேன்."